ஆர்: பல வருடப் பழக்கம், ஒரே ஒரு கோபம்

நண்பனுக்கு எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளின் உரிமம் புதுப்பிக்க வேண்டிய நேரம். "காசு கட்டாம ஆர்-க்கு வந்துடலாமா, நீதான் வருஷக்கணக்கா அதுலயே கிடக்குறியே" என்று கேட்டான். ஆர் என்பது புள்ளியியலுக்கான நிரல்மொழி. கேட்ட நேரம் சரியில்லை, 2018-ல் யாரோ எழுதி வைத்த ஆர் ஸ்கிரிப்ட்டை (நிரலை) அந்த வாரம் முழுக்க நோண்டிக்கொண்டிருந்தேன்.

இலவசம், வரைபடம் பிரமாதமாக வரும், எந்தப் புள்ளியியல் முறையைக் கேட்டாலும் யாராவது ஒரு பேக்கேஜ் (கூடுதல் நிரல் தொகுப்பு) எழுதி வைத்திருப்பார்கள். இதெல்லாம் அவனுக்கே தெரியும். என் சண்டை வேறு. தப்பு நடக்கும்போது ஆர் வாயைத் திறக்காது.

ஃபேக்டரையே எடுத்துக்கொள்ளுங்கள், மதிப்புகளை வகைகளாகப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் பட்டியலில் எத்தனையாவது என்ற எண்ணாக வைத்துக்கொள்ளும் தரவு வகை அது. 1 முதல் 10 வரை மதிப்பெண் உள்ள ஒரு நெடுவரிசை. ஏதோ ஒரு கட்டத்துக்குள் எண்ணுக்குப் பதில் 'இல்லை' என்று யாரோ அடித்திருந்தால் போதும், பழைய பதிப்புகளில் கோப்பைப் படிக்கும் ரீட் சிஎஸ்வி கட்டளை மொத்த நெடுவரிசையையும் ஃபேக்டராக்கிவிடும். சரி என்று அந்த வரியை நீக்கிவிட்டு, எண்ணாக மாற்றும் ஆஸ் நியூமெரிக் போட்டால் எண் வரும், ஆனால் நம் எண் இல்லை, வரிசையில் அது எத்தனையாவது என்ற எண். எழுத்தாக அடுக்கினால் 1-க்கு அடுத்தது 10, அப்புறம்தான் 2. ஆக, பத்து மதிப்பெண்ணும் வந்திருக்கிற தரவில் 10 போட்டவர் 2 ஆகிவிடுவார், 2 போட்டவர் 3, 9 போட்டவர் 10. எல்லாமே 1-க்கும் 10-க்கும் நடுவில் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது, சராசரியும் நம்புகிற மாதிரியே வரும், உங்களை மெச்சி முழு மதிப்பெண் போட்டவர் கடுப்பானவர்களோடு போய் உட்கார்ந்திருப்பார். ஒரு வரி எச்சரிக்கை கிடையாது.

1.0.0 பதிப்பு வந்தது 2000-ல். எழுத்தைத் தானாக ஃபேக்டராக்கும் இந்தப் பழக்கத்தை விட 2020 ஏப்ரலில் 4.0.0 வர வேண்டியிருந்தது. இப்போது எழுத்து எழுத்தாகவே நிற்கும், எண்ணாக மாற்றினால் அந்த 'இல்லை'யை என்ஏ (மதிப்பு இல்லை) ஆக்கி எச்சரிக்கவும் செய்யும். ஆனால் ஏற்கெனவே ஃபேக்டராக இருப்பது எதுவானாலும் பழைய கதைதான், முதலில் எழுத்தாக மாற்றும் ஆஸ் கேரக்டர், அதன் மேல் ஆஸ் நியூமெரிக். டாலர் குறி போட்டு நெடுவரிசையின் பாதிப் பெயர் அடித்தாலும் டேட்டா ஃபிரேம் (ஆர்-இன் அட்டவணை) 'இதைத்தான் சொல்கிறாய்' என்று தானே முடிவெடுத்து எடுத்துக் கொடுக்குமே, அதுவும் இதே குணம்தான்.

திருந்தவே இல்லை என்று சொன்னால் பாவம். 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்கிற இஃப் நிபந்தனைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்பு போனால் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தது, 2022-ல் 4.2.0 வந்ததிலிருந்து பிழை என்று நின்றுவிடுகிறது. அதே பதிப்பில்தான் விண்டோஸ் 10-ல், எல்லா மொழி எழுத்துகளையும் குறிக்கும் யுடிஎஃப்-8 குறியாக்கம் இயல்பாக வந்தது. அதுவரை தமிழ்ப் பெயர்கள் கோண அடைப்புக்குள் யுனிகோடு எண்களாகச் சிதறிக் கிடக்கும், டேட்டாவைத் திறந்து பெயர்கள் பெயர்களாகவே தெரிந்த அன்றைக்கு எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன். சில நாளைக்கு.

நண்பனிடம் உரிமத்தைப் புதுப்பி என்றுதான் சொன்னேன். அடுத்த வாரம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ, நானே அதை விட்டு எங்கும் போகப்போவதில்லை. நண்பா, எப்படியும் ஆர்-க்கு வந்துதான் தீருவேன் என்றால், 4.0-க்கு முந்தைய ஸ்கிரிப்ட் எதைத் தொட்டாலும் முதல் வேலையாக, தரவின் அமைப்பைக் காட்டும் எஸ்டிஆர் போட்டு ஒவ்வொரு நெடுவரிசையும் என்ன வகை என்று பார்த்துவிடு, சராசரியெல்லாம் அப்புறம்.