மைக்கேனியா: அரிவாளா, மருந்தா, பூஞ்சையா?

கேரளத்தின் தேக்குத் தோட்டங்களையும் ஈரமான காட்டோரங்களையும் மைக்கேனியா மூடிக்கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து வந்த கொடி. இளங்கன்றின் மேல் ஏறி, வெயிலை மறைத்து, பாரத்தாலேயே சாய்த்துவிடும். நேபாளத்தின் சித்வன் தேசியப் பூங்காவில் ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகத்தின் மேய்ச்சல் நிலத்தையே ஆக்கிரமித்திருக்கிறது. சரி, எதைக்கொண்டு இதை அடக்குவது?

பெரும்பாலான விவசாயிகள் எடுப்பது அரிவாளைத்தான். கூலி அதிகம் என்பதுகூட அடுத்த பிரச்சினை. வெட்டிப்போட்ட தண்டின் கணு ஈரமண்ணில் பட்டால் போதும், வேர்விட்டுவிடும். அரைகுறையாக வெட்டினால் களைக்கு நாமே பதியம் போட்டது மாதிரி. பூப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்கி, குவித்துக் காயவிட்டால்தான் பலன். பூத்து முற்றிவிட்டால் பஞ்சு முளைத்த விதைகள் காற்றில் பறந்துவிடும். அப்புறம் பிடுங்குவது பாதி வீண்.

களைக்கொல்லி வேகமாக வேலை செய்யும், கூலியும் மிச்சம். ஆனால் கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்குக் களை எது, பயிர் எது என்று தெரியாது. கொடி சுற்றியிருக்கும் வாழையிலும் கோகோ கன்றிலும் மருந்து படும், பக்கத்து ஓடையிலும் கலக்கும். கேரள அரசு 2019இல் அதன் விற்பனைக்குத் தடை போட்டதை நான் வரவேற்கிறேன். காட்டுக்குள் இதற்கு இடமே கூடாது.

மூன்றாவது வழிதான் எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது: பக்சினியா ஸ்பெகாசினி என்ற துருநோய்ப் பூஞ்சை. கொடியின் தாய்நாட்டிலேயே அதற்கு எதிரி இது. இலை, காம்பு, தண்டு மூன்றையும் தாக்கும். பயிர்களைத் தொடாது என்று பல செடிகளில் சோதித்த பிறகே வெளியே விட்டார்கள். 2005, 2006 வாக்கில் அசாமிலும் கேரளத்திலும் விட்டுப்பார்த்தபோது இங்கே அது நிலைக்கவில்லை. அந்த வகை டிரினிடாடிலிருந்து வந்தது. பின்னர் ஈக்வடார் வகையை பப்புவா நியூ கினியிலும் ஃபிஜியிலும் விட்டார்கள்; அங்கே ஊன்றிப் பரவிவிட்டது. ஒரு முயற்சி தோற்றதற்காக இந்தியா இதைக் கைவிடக் கூடாது. வேறு வகைகளையும் முறையாகச் சோதிக்க வேண்டும்.

பூஞ்சையும் கொடியைத் தளர்த்துமே தவிர, அடியோடு அழித்துவிடாது. இங்கே நிலைக்கும் வகை கிடைக்கும்வரை தோட்டக்காரருக்கு என் பரிந்துரை: களைக்கொல்லியைத் தவிருங்கள், பூக்கும் முன் பிடுங்குங்கள், பிடுங்கிய இடத்தை வெறுமனே போடாமல் வேகமாக வளரும் உள்ளூர் மரங்களை நடுங்கள். அடர்ந்த நிழலில் மைக்கேனியா தழைப்பதில்லை.