ஒன்பது சலைன் பாட்டில்களும் அம்மாவின் கால் வீக்கமும்

சென்ற தை மாதம் சிங்கப்பூரிலிருந்து ஒரத்தநாட்டுப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது, சிறுநீர்த் தொற்றுக்காகத் தனியார் மருத்துவமனை ஒன்றில் மூன்று நாள் தங்கியிருந்த அம்மா வீடு திரும்பியிருந்தார். காய்ச்சலும் நீர்க்கடுப்பும் தணிந்துவிட்டன. ஆனால் இரண்டு கணுக்கால்களும் வீங்கி, மெட்டி விரலில் புதைந்து கிடந்தது. "குளுக்கோஸ் ஏத்துன உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றார்.

அதை அப்படியே விடாதவர், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் தன்னார்வலர். கட்டைவிரலால் அம்மாவின் முழங்காலுக்குக் கீழே அழுத்தினார். குழி விழுந்தது, உடனே நிரம்பவில்லை. "நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அங்கிருந்த மருத்துவர் அவசரப்படாமல் கேட்டார்: வீக்கம் ஒரு காலிலா இரண்டிலுமா, படுத்தால் மூச்சு வாங்குகிறதா, சிறுநீர் குறைந்திருக்கிறதா? ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலித்தால், படுக்கையில் கிடந்ததால் ரத்தம் உறைந்திருக்கக்கூடும் என்றும், அதற்கு உடனே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் தேவை என்றும் விளக்கினார். இரண்டு கால்களும் என்றால் சிறுநீரகம், இதயம், ஏற்றிய திரவம், மருந்து என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அம்மா பல ஆண்டுகளாகச் சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபினே கணுக்காலை வீங்க வைக்கக்கூடியது.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் ஆன்டிபயாடிக் பெயரைத் தவிர எதுவும் இல்லை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவுகூட எழுதப்படவில்லை. அப்பா பத்திரப்படுத்தியிருந்த மருந்துக்கடை ரசீதுதான் உண்மையைச் சொன்னது. அம்மா குளுக்கோஸ் என்று நினைத்தது 0.9 சதவீத உப்பு நீர், 500 மி.லி. பாட்டில்கள் ஒன்பது. ஒரு பாட்டிலில் 4.5 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக உப்புச் சேர்க்க உலக சுகாதார நிறுவனம் சொல்கையில், அம்மாவின் உடம்பில் மூன்று நாளில் 40 கிராமுக்கு மேல் ஏறியிருக்கிறது. கூடவே, உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கக்கூடிய டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசியும் போட்டிருக்கிறார்கள். வாந்தி இல்லாமல், கேட்டுக் கேட்டுத் தண்ணீர் குடித்த அறுபத்தெட்டு வயதுக்காரருக்கு இத்தனை பாட்டில்கள் எதற்கு என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனாலும் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் இரண்டையும் பணம் வாங்காமல் பார்த்தார்கள். இரண்டும் சரியாக இருந்தன. நீர் பிரியும் மாத்திரை கொடுக்கவில்லை. உப்பைக் குறைத்து, வலி ஊசியைத் தவிர்த்து, தினமும் காலையில் எடை பார்க்கச் சொன்னார்கள். எட்டாம் நாள் எடை இரண்டரைக் கிலோ குறைந்து, மெட்டி தானாகச் சுழன்றது.