தூக்கிவிடவா, அக்கா?

கட்டுநாயக்காவில் விமானக் கதவு திறந்து, சனமெல்லாம் இறங்கி முடிந்து, துப்புரவுக்காரர் வந்து சீற்றுக்கடியில் குனிந்து பார்க்கத் தொடங்கிய பிறகும் நான் 31ஆம் வரிசையில்தான் இருந்தேன். ஏறும்போது முதல் ஆள், இறங்கும்போது கடைசி ஆள். 1998இல் போரில் முதுகில் ஷெல் துண்டு பட்டதிலிருந்து என் பயணம் இப்படித்தான். பதினொரு மணித்தியாலப் பறப்புக்கு முதல்நாள் மத்தியானத்தோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவேன். லண்டனிலிருந்து புறப்படும் விமானத்தில், கேட்டால் கழிவறை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆனால் அந்த ஒடுங்கின கதிரையில் கட்டிவைத்து, முந்நூறு பேர் பார்க்க இழுத்துக்கொண்டு போவதை நினைத்தால் தாகமே வராது.

உதவிக்கு வந்த பெடியன் நல்லவன். தொடமுதல், "எந்தப் பக்கம் பிடிக்கிறது, மேடம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். பிழை நடந்தது வேறெங்கோ. என் சொந்த வீல்செயாரை விமானக் கதவடியில் தரச் சொல்லி லண்டனிலும் எழுதிக் கேட்டேன், நடுவழியில் விமானம் மாறிய இடத்திலும் வாயால் கேட்டேன். அது சூட்கேசுகளோடு சூட்கேசாக பெல்டில் சுற்றிக்கொண்டு வந்தது. வலது கால்தட்டின் குழாய் முறிந்து தொங்கியது. எந்த ஊரில் எவர் கையில் முறிந்தது என்பது அந்தக் கதிரைக்குத்தான் வெளிச்சம்.

வெளியே அத்தான் வானோடு நிற்கிறார். போன் மேல் போன். "பிறகு பாப்பம் பிள்ளை, வெளிக்கிடு." நான் அசையவில்லை. ஒன்றரை மணித்தியாலம் இருந்து, பழுது அறிக்கையை எழுதுவித்து, இலக்கத்தோடு பிரதி வாங்கிய பிறகுதான் வெளிக்கிட்டேன். இதை வாசிக்கும் ஆரும் இந்த ஒரு விசயத்தை மட்டும் மறக்கவேண்டாம். விமானப் பயண நட்டஈடு பற்றிய சர்வதேச ஒப்பந்தமான மொன்றியல் உடன்படிக்கையின்படி, பழுதான சாமானைக் கையேற்ற 7 நாளுக்குள் எழுத்தில் முறையிடவேண்டும். நல்லூர்த் திருவிழா பார்த்து, சொந்தக்காரர் வீடெல்லாம் போய், லண்டன் திரும்பி எழுதலாம் என்று இருந்தால் கதை முடிந்தது.

அந்த உடன்படிக்கையில் எனக்கு வேறொரு கோபமும் உண்டு. வீல்செயாரும் அதில் பெட்டி படுக்கைதான். 2024 டிசம்பர் 28இலிருந்து ஒருவருடைய பொதிக்கு உச்சக்கட்ட நட்டஈடு 1,519 எஸ்.டி.ஆர். அது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு நாணயம், ஏறக்குறைய 2,000 அமெரிக்க டொலர் வரும். சூட்கேசுக்குள் இருக்கிற கூறைச்சேலைக்கும் என் கால்களுக்கும் ஒரே தராசு. பெறுமதி கூட என்று செக்-இன் நேரத்திலேயே விசேடமாக எழுதிக்கொடுத்தால் உச்சவரம்பு உயரும், மேலதிகமாகக் காசு கேட்கவும் கூடும். மின்சாரக் கதிரைக்காரர் இதைக் கட்டாயம் கேட்டுப் பார்க்கவேண்டும். கழற்றக்கூடிய லிதியம் பற்றரி என்றால் அதைக் கழற்றித் தங்களோடேயே கபினுக்குள் வைத்திருக்கவேண்டும், 300 வாட்-அவருக்கு மேற்படாமல்.

புத்தளம், அனுராதபுரம், மதவாச்சி, வவுனியா என்று வான் ஓடியது. முறிகண்டியில் நிற்பாட்டி அத்தான் தேங்காய் உடைத்துவிட்டு வர, நான் வானுக்குள் இருந்தே பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு ஒரு சரை கச்சான் வாங்கிக்கொண்டேன். முறிந்த கால்தட்டு மடியில் கிடந்தது.

கிளிநொச்சியில் ஒரு வங்கிக்குப் போகவேண்டியிருந்தது. வாசலில் சாய்தளம் உண்டு. ஒரு அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது வழமையான அளவு. இதில் நாலு அடிகூட இல்லை. மேலே போய் முடிகிற இடத்தில் ஒரு படி வேறு. அடியில் இரண்டு மோட்டர்சைக்கிள். நான் வாய் திறக்கமுதல் காவலாளி, வரிசையில் நின்ற இரண்டு பேர், தெருவால் போன ஒரு அண்ணை, நாலு பேரும் சேர்ந்து "தூக்கிவிடுவம் அக்கா" என்று தூக்கியேவிட்டார்கள். ஒருவர் பிடித்தது சக்கரத்தில். என் சக்கரம் நடுவில் இருக்கும் பொத்தானை அமத்தினால் கழன்று கையோடு வரும் வகை. விரல் தற்செயலாக அதில் பட்டிருந்தால் நான் வங்கி வாசலில் மல்லாக்கக் கிடந்திருப்பேன். இன்னொருவர் கை என் கமக்கட்டுக்குள் இருந்தது.

ஏசவும் முடியவில்லை. 2009இல் இந்த மண்ணில் தாயைத் தூக்கி, பிள்ளையைத் தூக்கி, காயப்பட்ட அயலவரைக் கட்டிலோடு தூக்கி நடந்த கைகள் அவை. தூக்குவது இங்கே அனிச்சைச் செயல். அந்தக் கைகளுக்கு முன்னால் நின்று "என்னைக் கேட்காமல் தொடாதேங்கோ" என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. இரண்டாம் முறை போனபோது சொன்னேன். "அண்ணை, அந்த சைக்கிள் ரெண்டையும் எடுத்துவிடுங்கோ. பின்னால மட்டும் தள்ளினாக் காணும்." காவலாளி ஒரு மாதிரிப் பார்த்தார். உதவியை மறுத்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுக் கட்டடங்களுக்குள் எவரும் போய்வர வசதி வேண்டும் என்று 2006இல் வர்த்தமானியில் ஒழுங்குவிதி வந்தது. அதை நடைமுறைப்படுத்தச் சொல்லி 2011இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. வழக்கைக் கொண்டுபோனவர் வீல்செயாரில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா. 2016இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. அந்த வங்கிச் சாய்தளத்தைக் கட்டிய மேசனுக்கு இதில் எதுவும் போய்ச்சேரவில்லை.

கால்தட்டைத் திருத்தப் புதுக்குடியிருப்புக்குக் கொண்டுபோனோம். லாண்ட்மாஸ்டர் உழவு மெசினுக்குப் பெட்டி அடிக்கிற வெல்டிங் கடை. கடைக்காரருக்கு முப்பது வயது வராது. குழாயை ஆணியால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். "இது அலுமினியம் அக்கா. என்ர மெசினால ஒட்டேலாது." பிறகு ஒரு பழைய சைக்கிள் பைப்பை எடுத்து, உள்ளுக்குள் இறுக்கமாகப் போகும் அளவுக்கு அராவி, முறிவின் இரண்டு பக்கமும் செருகி, குறுக்கே ஓட்டை போட்டு இரண்டு போல்ட் இறுக்கினார். மேலே ட்ரக்ரர் நீலம் அடித்தார். என்னைத் தூக்கவா என்று கேட்கவில்லை. என் காலைத் தட்டில் வைத்து உயரம் சரியா என்று மட்டும் கேட்டார்.

என்னைக் கூட்டிக்கொண்டு போனது சின்னம்மாவின் மகன். அவனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, 2009 மாசியில் போனது. பொய்க்காலோடு மோட்டர்சைக்கிளும் ஓடுவான், வரம்பிலும் நடப்பான். ஐப்பசியில் பலாலியிலிருந்து சென்னைக்குப் போக இருக்கிறான், வாழ்க்கையில் முதல் பிளேன். வெல்டிங் கடை வாங்கில் இருந்து அவன் சொன்ன திட்டத்தைக் கேட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"நான் நொண்டாமல் ஏறோணும் அக்கா. கால் இல்லையெண்டு தெரிஞ்சா ஏத்தமாட்டாங்கள். அதுதான் பின்னேரத்தில பள்ளிக்கூடப் படியில ஏறி இறங்கிப் பழகிறன்."

சொன்னேன். 2012இல் கொல்கத்தாவில் ஜீஜா கோஷ் என்ற பெண்ணை, பெருமூளை வாதம் உள்ளவர் என்பதற்காக விமானத்திலிருந்து இறக்கினார்கள். அவர் விடவில்லை. 2016இல் இந்திய உச்ச நீதிமன்றம் பத்து லட்சம் ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. 2022இல் அங்கே விதியை இன்னும் இறுக்கினார்கள்: மாற்றுத்திறனாளி என்ற காரணத்தால் மட்டும் ஏற்ற மறுக்க ஏலாது. பறக்க உடல்நிலை இடங்கொடாது என்று நினைத்தால் வைத்தியரைக் கொண்டு பார்ப்பித்துவிட்டுத்தான் முடிவு சொல்லலாம்.

அவன் நம்பவில்லை. அவன் மனுசிதான் நம்பினாள், அதுவும் வேறு வழியால். "சீரியல்ல வில்லியா வாறாவே சுதா சந்திரன், அவவுக்கும் பொய்க்கால்தானே? பிளேனில போறாதானே?" போறா. ஒவ்வொரு முறையும் பாதுகாப்புச் சோதனையில் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று 2021இல் அவர் வீடியோ போட்டு முறையிட, அங்கே விமான நிலையங்களைக் காக்கிற படை மன்னிப்பும் கேட்டது. கழற்றத்தான் வேண்டுமென்றால் மறைவான அறை கேள் என்றேன். அதற்கு அவன் தலையாட்டினான். நாலு பேருக்கு முன்னால் காற்சட்டையைச் சுருட்டுவதுதான் அவனுக்கு உள்ளூரப் பயம்.

சென்னைக்குச் சின்ன விமானங்கள்தான் வருகின்றன, ஏறுவது படியால். ஆகவே ரிக்கற் போடும்போதே சொல்லவேண்டும், கடைசி 48 மணித்தியாலத்துக்கு முந்தியாவது. வெறுமனே "வீல்செயார் வேணும்" என்றால் காணாது. விமானக்காரரிடம் மூன்று குறியீடு உண்டு. டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் தூரம் நடக்கமாட்டார், படி ஏறுவார். கடைசி எழுத்து எஸ் என்றால் படி ஏறமாட்டார், உள்ளே சீற்றுக்கு நடப்பார். சி என்றால் என்னைப்போல, சீற் வரைக்கும் கொண்டுபோகவேண்டும். பிழையான எழுத்து விழுந்தால் படியடியில் விட்டுவிட்டு எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அப்போது மறுபடியும் தூக்குவதுதான்.

"எனக்கு எஸ்ஸா, ஆரா?"

"மழை பெஞ்ச இரும்புப் படியில ஏறுவியோ?"

யோசித்தான். கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எஸ் என்று எழுதி வட்டம் போட்டான்.

வெல்டிங் கடைக்காரர் முதலில் காசே வேண்டாம் என்றார். விமான நிறுவனத்துக்கு ரசீது அனுப்பவேண்டும் என்று விளங்கப்படுத்தியபின், கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்து "வீல்செயார் கால்தட்டு, பைப் போட்டது, போல்ட் 2, பெயின்ற் – 800 ரூபா" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அதைப் படம் எடுத்து ஐந்தாம் நாளே அனுப்பினேன்.

போன கிழமை பதில் வந்தது. கடிதத் தலைப்போ முத்திரையோ இல்லாத ரசீதை ஏற்க முடியாதாம். சின்னம்மாவின் மகனுக்கு வட்ஸ்அப்பில் சொன்னேன். கடைக்காரர் கிளிநொச்சியில் றப்பர் சீல் வெட்டக் கொடுத்துவிட்டாராம், கடைக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டு எழுதியிருக்கிறான்.