டயரை நீங்களே மாற்றியபின்: ஸ்டாண்டா, மெஷினா?

பைக் டயரை வீட்டிலேயே மாற்றியவருக்கு, சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன்செய்ய பேலன்ஸிங் ஸ்டாண்டே போதும், பேலன்ஸிங் மெஷின் தேவையில்லை என்பேன். சக்கரத்தை ஸ்டாண்டின் தண்டில் மாட்டித் தொடாமல் விட்டால், கனமான பக்கம் தானாகக் கீழே வந்து நிற்கும். அதற்கு நேர் எதிரே, மேலே, 5 கிராம் எடையை டேப்பால் தற்காலிகமாக ஒட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் நிறுத்தினாலும் சக்கரம் உருளாமல் நின்றால் சரி. இல்லையென்றால் இன்னொரு 5 கிராம். அப்புறம் ரிம்மை ஆல்கஹாலால் துடைத்து நிரந்தரமாக ஒட்டலாம்.

இதில் கவனிக்க வேண்டியது உராய்வுதான். சக்கரத்தின் சொந்த பேரிங்கிலேயே சுழலவிட்டால், அதன் ரப்பர் சீல் இழுக்கும் இழுப்பில் சிறிய எடை வித்தியாசம் மறைந்துவிடும். தண்டு ஸ்டாண்டின் பேரிங்கில் உருள்வதே நல்லது. டயரில் லேசான பக்கத்தைக் காட்டும் புள்ளி இருந்தால், அதை வால்வுக்கு நேராக வைத்து மாட்டுங்கள்; எடை குறைவாகவே தேவைப்படும்.

மெஷின் சக்கரத்தைச் சுழற்றி, இடது வலது வித்தியாசத்தையும் காட்டும். ஸ்டாண்டால் அது முடியாது. ஆனால் பைக் சக்கரம் ஒடுக்கமானது என்பதால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் உறுத்தாது. அகலமான பின்சக்கரத்தோடு அதிவேகத்தில் நெடுந்தூரம் போகிறவர்கள் மெஷினுக்கே போகலாம்.