இன்டெல் இ810-ஆ, கனெக்ட்எக்ஸ்-5-ஆ? ஒரே நெட்வொர்க் கார்டை பல விஎம்-க்கு பங்கு போடுறதுல எது உருப்படி

சர்வர் நெட்வொர்க் கார்டு டேட்டாஷீட் எத எடுத்தாலும் மேலயே 128 விஎஃப், 256 விஎஃப்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும் (விஎம்னா ஒரே சர்வருக்குள்ள ஓடுற விர்ச்சுவல் மெஷின், விஎஃப்னா கார்டு அந்த விஎம்-ங்களுக்குப் பிரிச்சுக் குடுக்குற குட்டி கார்டு). அத பாத்து மயங்கி வாங்குறவங்க நிறைய, ஆனா பெரும்பாலான இடத்துல ஒரு ஹோஸ்ட்ல, அதாவது விஎம்-ங்க ஓடுற நிஜ சர்வர்ல, பத்து விஎஃப் ஓடினாலே அதிகம். அந்த நம்பர வெச்சு கார்டு நல்லதா கெட்டதான்னு சொல்லவே முடியாது. ட்ரைவர் எப்படி நடந்துக்குது, ஃபர்ம்வேர் என்னத்த மறைக்குது, ஏதாவது உடைஞ்சா உள்ள என்ன நடக்குதுன்னு நம்மால பாக்க முடியுதா, இந்த மூணுதான் மேட்டர். அந்தக் கண்ணோட்டத்துலதான் இந்த ரிவ்யூ.

புதுசா வர்றவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன், தெரிஞ்சவங்க அடுத்த பாராவுக்குப் போயிடுங்க. விஎம்-க்குள்ள தெரியுற நெட்வொர்க் கார்டு மூணு வகை. ஒண்ணு ஈ1000 மாதிரி முழு எமுலேஷன், இன்டெல்லோட பழைய கிகாபிட் சிப் மாதிரியே ஹைப்பர்வைசர் (விஎம்-ங்கள ஓட்டுற சாஃப்ட்வேர்) நடிக்கும், விஎம் ரெஜிஸ்டர தொட்டாலே ஹைப்பர்வைசர் நடுவுல வந்து நிக்கும், அதனால ஸ்லோ. ரெண்டாவது விர்ட்ஐஓ, 2008-ல ரஸ்டி ரஸ்ஸல் லினக்ஸுக்குக் கொண்டு வந்தது, நடிப்பெல்லாம் வேணாம்னு கெஸ்டும் (விஎம்-க்குள்ள ஓடுற ஓஎஸ்) ஹோஸ்டும் மெமரியில பொதுவா ஒரு ரிங் வெச்சுக்கிட்டு அதுலயே பாக்கெட்ட கை மாத்திக்கும், விஎம்வேர்காரங்களுக்கு இதே இடத்துல விஎம்எக்ஸ்நெட்3. மூணாவது எஸ்ஆர்-ஐஓவி, பிசிஐ-சிக் 2007-ல வெளியிட்ட ஸ்பெக், இதுல கார்டே தன்னை பல குட்டி பிசிஐ டிவைஸா காட்டும். மெயின் டிவைஸுக்கு பேரு பிஎஃப், குட்டிகளுக்கு விஎஃப். ஒரு விஎஃப்-ஐ அப்படியே விஎம்-க்குள்ள தள்ளிட்டா பாக்கெட் ஹோஸ்ட் கெர்னல தொடாம ஐஓஎம்எம்யு (டிவைஸ் எந்த மெமரிய தொடலாம்னு கட்டுப்படுத்துற ஹார்டுவேர்) வழியா நேரா கெஸ்ட் மெமரிக்கே போயிடும்.

இதனால என்ன லாபம்னா, 10 கிகாபிட் லைன்ல 64 பைட் பாக்கெட்டா அனுப்பினா செகண்டுக்கு 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம் பாக்கெட் வரும், அதாவது ஒரு பாக்கெட்டுக்கு 67 நானோசெகண்ட்தான் டைம். அந்த நேரத்துக்குள்ள ஹோஸ்ட் கெர்னல்ல இருக்குற பிரிட்ஜ், ஐபிடேபிள்ஸ், விஹோஸ்ட் த்ரெட்னு எல்லாத்தையும் தாண்டி வர்றது நடக்காத காரியம். அதனால டிஎன்எஸ், வாய்ஸ், லோட் பேலன்சர் மாதிரி சின்ன பாக்கெட்டா கொட்டுற வேலைக்கு விஎஃப் போட்டா வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், லேட்டன்சியும் ஆடாம நிக்கும். ஆனா ஐபெர்ஃப்-ல (நெட்வொர்க் வேகம் அளக்குற டூல்) பெரிய டிசிபி ஸ்ட்ரீம் ஒண்ணு ஓட்டிப் பாத்து "எனக்கு விர்ட்ஐஓ-லயே 10 கிகாபிட் வருதே"ன்னு சொல்றவங்களும் சரிதான், டிஎஸ்ஓ (பெரிய கட்ட கடைசில கார்டே வெட்டிக்கிற வசதி) இருக்கறதால அங்க பாக்கெட்டெல்லாம் 64 கேபி வரைக்கும் கட்டுகட்டா போகும், சுமை தெரியாது. வெப் சர்வர், சின்ன டேட்டாபேஸ் ஓட்டுறவங்களுக்கு விர்ட்ஐஓ போதும், இந்த ரிவ்யூவ இதோட மூடிட்டு போகலாம்.

இப்ப கார்டுக்கு வருவோம்.

பழைய ஆளு இன்டெல் 82599. ஒரு போர்ட்டுக்கு 63 விஎஃப், 10 கிகாபிட். அமேசான் 2013-ல சி3 இன்ஸ்டன்ஸ்ல என்ஹான்ஸ்டு நெட்வொர்க்கிங்னு ஆரம்பிச்சப்ப விஎம்-க்குள்ள தெரிஞ்சது இந்த சிப்போட விஎஃப்தான். லேபுக்கு இன்னிக்கும் ஓகே, புதுசா காசு போடாதீங்க.

அடுத்து எக்ஸ்710. கார்டு மொத்தத்துக்கும் 128 விஎஃப், ரெண்டு போர்ட்னா ஆளுக்கு 64, நாலு போர்ட்னா 32. இதுல கவனிக்க வேண்டிய ஒண்ணு, எல்எல்டிபி பாக்கெட்ட (பக்கத்து டிவைஸ் தன் பேர அறிவிக்கிற பாக்கெட்) ஃபர்ம்வேரே சாப்பிட்டுடும், ஹோஸ்ட்ல எல்எல்டிபி டீமன் ஓட்டினா பக்கத்து ஸ்விட்ச் பேரே வராது, கேபிள் மாத்தி மாத்தி செருகிப் பாத்தாலும் வராது. ஈத்டூல்-ல (லினக்ஸ்ல கார்டு செட்டிங் மாத்துற கமாண்ட்) ப்ரைவேட் ஃப்ளாக் ஒண்ணு இருக்கு, ஃபர்ம்வேர் எல்எல்டிபி ஏஜென்ட்ட அணைச்சா சரியாயிடும்.

இ810 இதுக்கு அடுத்த தலைமுறை, 256 விஎஃப். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது வேகம் இல்ல, கெஸ்ட் ட்ரைவர். ஐஏவிஎஃப்-னு ஒரே ட்ரைவர் எக்ஸ்710 விஎஃப்-க்கும் இ810 விஎஃப்-க்கும் ஓடும், அதனால ஹோஸ்ட்ல கார்டு மாத்தினாலும் விஎம் இமேஜ நோண்ட வேண்டியதில்ல, நூத்துக்கணக்குல இமேஜ் வெச்சிருக்கவங்களுக்கு இதோட அருமை தெரியும். பிடிக்காதது டிடிபி பேக்கேஜ். கார்டுக்கு ட்ரைவர் தவிர தனியா ஒரு ஃபைல் ஃபர்ம்வேர் ஃபோல்டர்ல இருந்து லோட் ஆகணும், அது கிடைக்கலைன்னா ட்ரைவர் சேஃப் மோட்ல போயிடும், லிங்க் வரும், பிங் போகும், ஆனா எஸ்ஆர்-ஐஓவி, ஆர்எஸ்எஸ் (பாக்கெட்ட பல சிபியு கோருக்குப் பிரிக்கிறது) மாதிரி அட்வான்ஸ்டு விஷயம் எதுவும் இருக்காது. மினிமல் இன்ஸ்டால் பண்ணி ஃபர்ம்வேர் பேக்கேஜ விட்டுட்டா இதுதான் கதி. டிமெசேஜ்-ல (கெர்னல் லாக்) சேஃப் மோட்னு தெளிவாவே எழுதியிருக்கும், ஆனா லிங்க் பச்சையா எரியும்போது யாரு அதப் போய் படிக்கிறா.

இன்னொண்ணு, இ810-ல ரெண்டு 100 கிகாபிட் போர்ட் இருக்குற சாதா மாடல் ரெண்டு போர்ட்டும் சேந்து 100 கிகாபிட்தான் தள்ளும். ரெண்டாவது போர்ட் ஒண்ணு விழுந்தா இன்னொண்ணுங்கற கணக்குக்குத்தான். 200 வேணும்னா அதுக்குன்னே தனி மாடல் இருக்கு, அதுக்கு ஸ்லாட்ட ரெண்டா பிரிக்கிற பைஃபர்கேஷன் வசதி பயோஸ்ல இருக்கணும். இது தெரியாம ஆர்டர் போட்டா யாரையும் குத்தம் சொல்ல முடியாது, ஸ்பெக்ல எழுதித்தான் வெச்சிருக்கான்.

கனெக்ட்எக்ஸ்-5, மெல்லனாக்ஸ் கார்டு, 2020-ல இருந்து என்விடியா. ஆரம்பத்துல இது கொஞ்சம் படுத்தும். எஸ்ஆர்-ஐஓவிய ஃபர்ம்வேர்லயே அவங்க டூல வெச்சு திறக்கணும், எத்தனை விஎஃப்னு அங்கயே சொல்லணும், அப்புறம் ரீபூட். இத பண்ணாம லினக்ஸ்ல எவ்ளோ தட்டினாலும் விஎஃப் வராது. ஆனா அது முடிஞ்சதும் கார்டு கம்முனு வேலை செய்யும். டிபிடிகே (கெர்னல விட்டுட்டு அப்ளிகேஷனே பாக்கெட்ட எடுத்துக்குற லைப்ரரி) ஓட்டுறவங்களுக்கு ஒரு சுகம், கார்ட கெர்னல் ட்ரைவர்ல இருந்து பிடுங்கி விஎஃப்ஐஓ-வுல (கார்ட அப்ளிகேஷனுக்கு நேரா குடுக்குற ட்ரைவர்) கட்ட வேண்டியதே இல்ல, கெர்னல் ட்ரைவரும் டிபிடிகே-யும் பக்கத்துல பக்கத்துல ஓடும். பிசிஐஇ 3.0 எக்ஸ்16 ஸ்லாட்ல செருகினா மொத்தம் 126 கிகாபிட் சொச்சம்தான் பஸ்லயே இருக்கு, அதனால அங்கயும் டூயல் 100 முழுசா எதிர்பார்க்காதீங்க.

எனக்கு இந்தக் கார்டு ஒரு படி மேலன்னு தோணுறதுக்குக் காரணம் ஸ்விட்ச்டெவ் மோட். ஏன்னு சொல்லணும்னா விஎஃப்-போட பெரிய தலைவலிய முதல்ல சொல்லணும்.

ஒரே போர்ட்ல இருக்குற ரெண்டு விஎஃப் பேசிக்கிட்டா பாக்கெட் வெளிய ஸ்விட்ச்சுக்கே போகாது, கார்டுக்குள்ள குட்டி ஸ்விட்ச் ஒண்ணு இருக்கு, அதுவே திருப்பி விட்டுடும். வேகத்துக்கு நல்லது. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு ரெண்டு விஎம்-க்கு நடுவுல ஏதோ பிரச்சனைன்னு ஹோஸ்ட்ல டிசிபிடம்ப் (பாக்கெட்ட பிடிச்சுக் காட்டுற டூல்) போட்டு உக்காந்தா ஒரு வரி வராது. பிங் ஓடிக்கிட்டே இருக்கும், டம்ப் ஸ்க்ரீன் காலியா இருக்கும். டாப்-ஆஃப்-ரேக் ஸ்விட்ச்ல மிரர் (ட்ராஃபிக்கோட காப்பி) போட்டாலும் அங்கயும் ஒண்ணும் இருக்காது. ஹோஸ்ட்ல எழுதி வெச்ச ஃபயர்வால் ரூல் எதுவும் இந்த ட்ராஃபிக்க தொடாதுங்கறதையும் செக்யூரிட்டி டீம்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, அப்புறம் சண்டை.

இதே குட்டி ஸ்விட்ச்சால இன்னொரு வேடிக்கை. அதே பிஎஃப் மேல லினக்ஸ் பிரிட்ஜ் போட்டு சில விஎம் விர்ட்ஐஓ-ல, சில விஎம் விஎஃப்-லன்னு கலந்து வெச்சா, பல கார்டுல விஎஃப்-ல இருக்குற விஎம்-ஆல பிரிட்ஜ்ல இருக்குற விஎம்-ஐ பிடிக்க முடியாது, ஆனா வெளி உலகம் ரெண்டு பேருக்குமே ஜோரா கிடைக்கும். பிரிட்ஜுக்குப் பின்னாடி இருக்குற மேக் அட்ரஸ் கார்டுக்குத் தெரியாது, அதனால பாக்கெட்ட வெளிய தள்ளிடும். எஃப்டிபி-ல (எந்த மேக் எங்க இருக்குங்கற பட்டியல்) அந்த மேக்-ஐ கையால சேத்தாதான் வழி பிறக்கும்.

ஸ்விட்ச்டெவ் மோட்ல ஒவ்வொரு விஎஃப்-க்கும் ஹோஸ்ட்ல ஒரு ரெப்ரசென்டர் போர்ட் வரும், அத ஓவிஎஸ்-ல (ஓபன் விஸ்விட்ச், ஒரு சாஃப்ட்வேர் ஸ்விட்ச்) கோத்து ரூல் எழுதலாம், முதல் பாக்கெட் ஹோஸ்ட் வழியா வந்து ரூல் முடிவானதும் மீதி ஃப்ளோவ கார்டே பாத்துக்கும். வேகமும் இருக்கு, யாரு யாரோட பேசுறாங்கன்னு கன்ட்ரோலும் இருக்கு. இ810-லயும் இந்த மோட் உண்டு, ஆனா எனக்கு மெல்லனாக்ஸ் பக்கம்தான் நல்லா பழுத்திருக்குன்னு படுது. ரெப்ரசென்டர்ல டம்ப் போட்டாலும் ஆஃப்லோட் ஆன, அதாவது கார்டுக்கே போயிட்ட ஃப்ளோ தெரியாது, முதல் சில பாக்கெட்தான் வரும், அதுக்குன்னு ஏமாறாதீங்க.

பான்டிங் (ரெண்டு போர்ட்ட ஒண்ணா கட்டுறது) விஷயத்துலயும் கனெக்ட்எக்ஸ்-5தான் முன்னாடி. சாதாரணமா ஹோஸ்ட்ல எல்ஏசிபி (ஸ்விட்ச்சோட பேசி போர்ட்டுகள ஒண்ணா கட்டுற முறை) போட்டாலும் விஎஃப்-க்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காது, விஎஃப் தன் போர்ட்டோட கட்டுண்டது, கெஸ்டுக்குள்ள ரெண்டு போர்ட்ல இருந்து ரெண்டு விஎஃப் எடுத்து ஆக்டிவ்-பேக்கப் போடணும். கனெக்ட்எக்ஸ்-5-ல விஎஃப்-லேக் இருக்கு, கெஸ்டுக்கு ஒரே விஎஃப் குடுத்தா போதும், போர்ட் ஃபெயில்ஓவர் கீழயே நடந்துடும்.

எந்தக் கார்டு வாங்கினாலும் தப்பிக்க முடியாத சங்கதிங்களும் இருக்கு. கீப்அலைவ்டி-ல விர்ச்சுவல் மேக் வெச்சு விஆர்ஆர்பி (ஒரு சர்வர் விழுந்தா இன்னொண்ணு அதே ஐபி-ய எடுத்துக்குற முறை) ஓட்டினா ஸ்பூஃப் செக் (விஎஃப் தன்னோடதில்லாத மேக்-ல அனுப்புறத தடுக்குற சோதனை) அந்த பாக்கெட்ட சத்தமில்லாம கீழ போட்டுடும், பிஎஃப்-ல அந்த விஎஃப்-க்கு ஸ்பூஃப் செக்-ஐ ஆஃப் பண்ணி ட்ரஸ்ட் ஆன் பண்ணணும். விஎஃப் லிங்க் ஸ்டேட் ஆட்டோல இருந்தா வெளி கேபிள் பிடுங்கினதும் ஒரே ஹோஸ்ட்ல இருக்குற விஎம்-ங்களும் பேச்ச நிறுத்திடும், எனேபிள்-னு மாத்தி வைங்க. விஎஃப் எண்ணிக்கைய 4-ல இருந்து 8 ஆக்கணும்னா முதல்ல 0 எழுதிட்டு அப்புறம்தான் 8, நேரா எழுதினா டிவைஸ் பிஸினு திட்டும், 0 எழுதுறப்ப இருக்குற விஎஃப் எல்லாம் காணாம போகும்னு நான் சொல்லித் தெரிய வேணாம். ரீபூட்ல இந்த எண்ணிக்கை நிக்காது, யூடெவ் ரூலோ சிஸ்டம்டி சர்வீஸோ போட்டுக்கணும்.

விஎஃப் உள்ள தள்ளின விஎம்-ஓட மெமரி மொத்தமும் பின் ஆயிடும் (நகராம பூட்டிக்கும்), பலூன், ஓவர்கமிட்னு மெமரிய மிச்சம் பிடிக்கிற வழி எல்லாத்தையும் மறந்துடுங்க. லைவ் மைக்ரேஷனும் (விஎம்-ஐ நிறுத்தாம வேற ஹோஸ்டுக்கு மாத்துறது) நேரா நடக்காது. விர்ட்ஐஓ ஒண்ணு ஸ்டாண்ட்பையா வெச்சு விஎஃப்-ஐ கழட்டி அந்தப் பக்கம் போய் மாட்டுற ஃபெயில்ஓவர் ட்ரைவர் கெர்னல் 4.18-ல இருந்து இருக்கு. மைக்ரோசாஃப்ட் அஷ்யூர் கிளவுடோட ஆக்சலரேட்டட் நெட்வொர்க்கிங்லயும் இதே ஐடியாதான், விஎஃப்-ம் சிந்தெடிக் (சாஃப்ட்வேர்ல செஞ்ச) கார்டும் ஜோடியா வரும், ஹோஸ்ட் மெயின்டனன்ஸ் அப்ப விஎஃப்-ஐ பிடுங்கிடுவாங்க, ட்ராஃபிக் சிந்தெடிக் பக்கம் போயிடும். அதனால அங்க அப்ளிகேஷன நேரா விஎஃப் இன்டர்ஃபேஸ்ல கட்டாதீங்க.

இமேஜ் நிறைய, ஆளு கம்மி, விஎஃப்-ஐ நாலு விஎம்-க்கு மட்டும் குடுக்கப் போறீங்கன்னா இ810 எடுங்க. ஓவிஎஸ், ஓபன்ஸ்டாக் (சொந்த கிளவுட் கட்டுற சாஃப்ட்வேர்)னு போற ஆளுங்க, நெட்வொர்க் ரூல கார்டுலயே இறக்கணும்னு நினைக்கிறவங்க கனெக்ட்எக்ஸ் பக்கம் போங்க, ஆரம்ப எரிச்சல பொறுத்துக்கலாம். கார்ட விட்டுட்டு சர்வர் போர்டையும் ஒரு தடவை பாருங்க, 4ஜிபி-க்கு மேல அட்ரஸ் குடுக்குற பயோஸ் ஆப்ஷன் ஆஃப்-ல இருந்தா நிறைய விஎஃப் கேக்கும்போது மெமரி இடம் பத்தாம அழும். சர்வர் கம்பெனி லேபிள் ஒட்டின கார்டா இருந்தா அதுல ஓடுறது அவங்க ஃபர்ம்வேர், ஒரு விக்கிறவர் எங்களுக்கு "அதே சிப்தான் சார்"னு குடுத்ததுல எஸ்ஆர்-ஐஓவி பூட்டியே வந்துச்சு, அதனால ஆர்டர் போடறதுக்கு முன்னாடி பார்ட் நம்பரோட எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.