இருபது நிமிடப் பாதைக்கு ஒன்றரை மணி நேரம்

எங்கள் குடியிருப்பை ஒட்டியிருக்கும் சின்ன இயற்கைக் காப்பிடத்தை வேலிக்கு வெளியே இருந்து பார்த்து, வெறும் புதர்க்காடு என்றே நினைத்திருந்தேன். மகள் நச்சரித்ததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உள்ளே போனோம். அதற்கப்புறம் பதினைந்து நாளில் நான்கு முறை போய்விட்டேன்.

மொத்தம் மூன்று நடைபாதைகள். சிறியது 300 மீட்டர் இருக்கும், பெரியதே ஒரு கிலோமீட்டருக்குள்தான். வேகநடைக்கு இது ஏற்ற இடமில்லை, இரண்டாவது சுற்றிலேயே சலித்துவிடும். நின்று நின்று பார்க்கிறவர்களுக்கான இடம். இருபது நிமிடத்தில் முடிய வேண்டிய பாதைக்கு எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

அதில் பாதி நேரம் வாசலுக்கு இடப்பக்கம், மூன்றாவது மரத்தடியிலேயே போய்விட்டது. வேர்களுக்கு நடுவே, மழை அவ்வளவாகப் படாத புழுதியில், புனல் மாதிரி சின்னச் சின்னக் குழிகள். மகள் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். ஓர் எறும்பு விளிம்பில் கால் வைத்துச் சறுக்கியது. ஏறப் பார்த்தது. அடியிலிருந்து யாரோ மண்ணை வாரி எறிவது போல் மணல் தெறிக்க, எறும்பு மறுபடி சரிந்தது. ஒரு கணம் இடுக்கி போன்ற இரண்டு கொடுக்குகள் தெரிந்தன, அப்புறம் எறும்பு இல்லை. குழியானை! சின்ன வயதில் இதைத் தோண்டி எடுத்து உள்ளங்கையில் பின்னோக்கி நடக்கவிட்டு விளையாடியிருக்கிறேன். ஆனால் இது வெறும் இளம்புழு, வளர்ந்தால் ஊசித்தட்டான் சாயலில் சிறகோடு பறக்கும் என்பதை இங்கே இருந்த பலகையில்தான் படித்தேன். பலகைகளைக் குழந்தைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் வைத்திருக்கிறார்கள். யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

குளத்தோரப் பெஞ்சில் ஐந்து நிமிடமாவது பேசாமல் உட்காருங்கள். நாம் வந்த சத்தத்தில் அடங்கிய தவளைகள் ஒவ்வொன்றாக மறுபடி ஆரம்பிக்கும். குளம் இருந்தால் கொசு வரும் என்று பக்கத்தில் சிலர் குறைப்படுகிறார்கள். தட்டான்களின் குஞ்சுகள் அந்தத் தண்ணீருக்குள் இருந்துகொண்டு கொசுப்புழுக்களைத் தின்கின்றன என்பதை அவர்களிடம் சொல்ல வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, விழுந்த ஒரு பெரிய மரத்தை அப்படியே விட்டிருப்பது. நடக்க வழி வேண்டும் என்பதற்காக நடுவில் மட்டும் அறுத்திருக்கிறார்கள். மிச்சத்தில் காளான், வண்டு குடைந்த துளைகள், பட்டைக்கு அடியில் ஓர் அரணை. சுத்தம் செய்கிறேன் என்று அள்ளிக்கொண்டு போயிருந்தால் இவை எதுவும் இருந்திருக்காது.

குறைகளும் உண்டு. மூன்றாவது பாதை பிரியும் இடத்தில் அம்புக்குறி அழிந்துபோய், முதல் நாள் வழி தவறினோம். மரப்பாலத்துக்குக் கைப்பிடி கிடையாது. முழங்கால் வலியோடு வந்த அம்மா அதைத் தாண்ட முடியாமல் அந்தப் பக்கமே நின்றுவிட்டார், எனக்கு மனசே சரியில்லை. அவசியம் கைப்பிடி போட வேண்டும். அதுவரை பெரியவர்களோடு வருபவர்கள் முதல் பாதையோடு நிறுத்திக்கொள்ளலாம். அது சமதளம், சக்கர நாற்காலியும் போகும். கழிப்பறை இல்லை, தண்ணீரும் கையோடு கொண்டுவர வேண்டும்.

விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் போனால் பறவைகள் நிறைய. குழியானைக்காகப் போவதென்றால் சாரல் அடித்த மறுநாள் வேண்டாம். நாங்கள் அப்படிப் போனபோது குழிகளெல்லாம் கலைந்து கிடந்தன. மூன்று நாள் கழித்துப் பார்த்தோம், அதே வேருக்கடியில் ஏழு புதுக் குழிகள்.