நிலவறைச் சுவருக்கு எது: ஃபைபர்கிளாஸா, ஸ்பிரே ஃபோமா, ஃபோம் பலகையா?

கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவில் 1970களிலோ 1980களிலோ கட்டப்பட்ட வீடொன்றை வாங்கி, அதன் நிலவறையைப் புதுப்பிக்க முற்படும் எவரும் தரைக்கு எந்த ஓடு, குளியலறைக்கு எந்தக் குழாய் என்று பார்ப்பதற்கு முன், வெளிச்சுவரின் கொங்கிறீட்டுக்கும் நாம் வாழப்போகும் அறைக்கும் இடையில் வெப்பத் தடுப்பாக எதை வைப்பது என்பதைத் தீர்மானித்துவிட வேண்டும். ட்ரைவோல் எனப்படும் ஜிப்சம் பலகையைப் பூட்டி வர்ணமும் பூசிய பிறகு அந்தத் தீர்மானத்தை மாற்றுவதென்றால் எல்லாவற்றையும் உடைத்துத்தான் மாற்ற வேண்டும். வழக்கத்தில் இருப்பவை மூன்று: மரச்சட்டங்களுக்கு இடையில் ஃபைபர்கிளாஸ் (கண்ணாடி இழை) மெத்தையைச் செருகிப் பொலித்தீன் தாளால் மூடுவது, கொங்கிறீட்டின் மேல் நேரடியாக, நுரைத்து இறுகும் ஸ்பிரே ஃபோம் அடிப்பது, ஃபோம் பலகைகளைச் சுவரில் ஒட்டி, அவற்றுக்கு முன்னால் சட்டம் எழுப்புவது. எங்கள் வீட்டில் மூன்றாவதைத் தெரிவு செய்தோம். இன்று மறுபடி தெரிவு செய்யச் சொன்னாலும் அதையே செய்வேன் என்பதால், இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

வெப்பத்தைத் தடுக்கும் திறனையும் விலையையும் நீட்டி எழுதத் தேவையில்லை. வெப்பத் தடுப்பை ஆர் என்ற எண்ணால் அளப்பார்கள்; எண் கூடினால் தடுப்பும் கூடும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஃபைபர்கிளாஸ் ஏறத்தாழ ஆர்-3.4 தரும், இளஞ்சிவப்பிலும் நீலத்திலும் கடைகளில் அடுக்கியிருக்கும் எக்ஸ்.பி.எஸ். எனப்படும் பொலிஸ்ரைரீன் ஃபோம் பலகை ஆர்-5 தரும். கெட்டியாக இறுகும் வகை ஸ்பிரே ஃபோம் ஆர்-6 அளவில் தரும். விலையில் ஃபைபர்கிளாஸ் மிகவும் மலிவு, ஸ்பிரே ஃபோம் மிகவும் கூடியது, பலகை இரண்டுக்கும் நடுவில். ஒன்ராறியோவில் ஒப்பந்தக்காரர்கள் பொதுவாக இலக்காகக் கொள்ளும் ஆர்-20ஐ, தேவையான தடிப்பைக் கொடுத்தால், மூன்றினாலும் எட்டலாம். ஆகவே வெப்பத் திறனை மட்டும் வைத்து இவற்றுக்குள் ஒன்றைத் தேர்வது பயன் தராது.

வேறுபாடு ஈரத்தில் தொடங்குகிறது. 21 பாகை செல்சியஸ் வெப்பமும் 40 வீத ஈரப்பதமும் உள்ள அறைக் காற்று, ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் அங்கே நீர் படியும். வெளியே மைனஸ் 10 பாகையாக இருக்கும் ஒரு சனவரி இரவில், ஆர்-12 ஃபைபர்கிளாஸுக்குப் பின்னால், நிலமட்டத்துக்கு மேலே தெரியும் கொங்கிறீட்டின் உட்பரப்பு மைனஸ் 8 பாகை அளவில் இருக்கும். உள்ளே சூட்டைப் பிடித்து வைப்பதற்காகப் போட்ட மெத்தையே, தனக்குப் பின்னாலிருக்கும் சுவரை முன்பைவிடக் குளிராக்கிவிடுகிறது. ஃபைபர்கிளாஸ் காற்றைத் தடுக்காது. மின்பெட்டி ஓட்டைகளாலும் பொலித்தீன் தாளின் இணைப்புகளாலும் உள்ளே நுழையும் காற்று அதை ஊடுருவிப் போய்க் கொங்கிறீட்டில் உறைபனியாகப் படிகிறது. வெயில் ஏறும் நாளில் அந்தப் பனி உருகி அடிச்சட்டத்தில் இறங்குகிறது. கோடையில் இது திசை மாறுகிறது: மண்ணிலிருந்து கொங்கிறீட்டுக்குள் ஊறிய ஈரம் உள்நோக்கி வந்து, பொலித்தீன் தாளின் பின்பக்கத்தில் மாட்டிக்கொள்கிறது.

எங்கள் வீட்டின் பழைய சுவரைத் திறந்தபோது இவை இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க முடிந்தது. தாளின் பின்பக்கத்தில் நீர்த்துளிகள் வரிசையாக நின்றன. சட்டங்களின் அறைப்பக்கம் புதுமரம் போல மஞ்சளாக இருக்க, கொங்கிறீட்டைப் பார்த்த பக்கம் மிளகு தூவியது போலக் கரும்புள்ளிகளாக இருந்தது. அடிச்சட்டத்தில் திருப்புளியை அழுத்தினால் அரை அங்குலம் இறங்கியது. அறைக்குள்ளிருந்து பார்த்த எவருக்கும் அந்தச் சுவரில் ஒரு குறையும் தெரிந்திராது. நம்மவர் வீடுகளில் நிலவறையில் இரண்டாவது குசினி இருப்பதும், அங்கே புட்டும் இடியப்பமும் அவிவதும், காற்று வாங்கும் யன்னல் மூடியபடியே இருப்பதும் இந்த ஈரத்தை இன்னும் கூட்டும். வாடகைக்குக் குடியிருப்பவர் மூச்சிழுப்புள்ள குழந்தையோடு அந்தச் சுவருக்குப் பக்கத்தில் படுத்துறங்குவார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆகவே வெறும் ஃபைபர்கிளாஸை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், கொங்கிறீட் சுவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்பிரே ஃபோம் இந்த ஈரப் பிரச்சினையை மூன்றிலும் மிகச் சிறப்பாகத் தீர்க்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அது கொங்கிறீட்டில் நேரடியாக ஒட்டிக்கொள்வதால் பின்னால் காற்றுப் போக வழியே இராது. இரண்டு அங்குலம் அடித்தால் அதுவே நீராவித் தடையாகவும் அமைந்துவிடுவதால் பொலித்தீன் தாள் தேவைப்படாது. பயிற்சி பெற்ற குழு ஒரே நாளில் நிலவறை முழுவதையும் முடித்துவிடும். வீட்டிலுள்ளவர்கள் பொதுவாக 24 மணி நேரம் வெளியே தங்க வேண்டியிருக்கும். கலவையின் விகிதமோ வெப்பநிலையோ பிசகினால் ஃபோம் சுருங்கிச் சுவரை விட்டுக் கழரலாம், வாடை நெடுநாள் நிற்கலாம் என்ற அச்சம் உண்டு. ஆனால் நல்ல குழுவைப் பிடித்தால் அந்த அச்சம் பெரிதல்ல.

அப்படியிருந்தும் நான் பலகையைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம், அந்தச் சுவரை என்றோ ஒரு நாள் மறுபடி திறக்க வேண்டிவரும் என்பதே. வார்ப்புக் கொங்கிறீட் சுவர் வெடிக்கும். யன்னலின் கீழ் மூலையிலிருந்து தரையை நோக்கி இறங்கும் மயிரிழை வெடிப்பு இவ்வகை வீடுகளில் பரவலாகக் காணப்படுவது. சுவரை வார்த்தபோது அச்சுப் பலகைகளை இழுத்துப் பிடித்த கம்பிகளின் துளைகளும் காலப்போக்கில் கசியும். மார்ச்சில் பனி உருகி மண் ஊறும்போதோ, பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் கொட்டிய 2013 யூலை 8 போன்ற ஒரு மழையின்போதோ, அதுவரை உலர்ந்திருந்த வெடிப்பில் தண்ணீர் வரத் தொடங்கும். வெளியே தோண்டிச் சுவருக்கு மேற்பூச்சுப் போடுவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், உள்ளிருந்து வெடிப்புக்குள் பொலியூரத்தேன் என்ற பிசினைச் செலுத்தி அடைப்பது மிகச் சிறிய செலவுதான். ஆனால் அதற்கு வெடிப்பின் இரு பக்கமும் ஒரு கையகலத்துக்குச் சுத்தமான, வெறும் கொங்கிறீட் வேண்டும். வெடிப்பின் மேல் சிறு குழாய் முனைகளை வரிசையாக ஒட்டி, மேலே பசைக்கலவை பூசி மூடி, கீழிருந்து மேலாக அந்தப் பொலியூரத்தேன் மருந்தை ஏற்றுவார்கள். அந்தப் பசைக்கலவை பிடிக்காவிட்டால் மருந்து அறைக்குள்ளேயே வழிந்துவிடும்.

இந்த வேலைக்காக ஸ்பிரே ஃபோம் சுவரைத் திறப்பது எப்படியிருக்கும் என்பதை ஓர் உறவினர் வீட்டில் பக்கத்தில் நின்று பார்த்தேன். வெடிப்பு எங்கே என்று கண்டுபிடிப்பதே முதல் தொல்லையாக இருந்தது. தண்ணீர் தரையும் சுவரும் சேரும் மூலையில் வந்ததே தவிர, அது எந்த இடத்தில் நுழைகிறது என்பதை ஃபோம் காட்டவில்லை. மூன்று இடங்களில் வெட்டிப் பார்த்த பிறகே கோடு தெரிந்தது. பிறகு உளியாலும் சுரண்டியாலும் துண்டு துண்டாகப் பெயர்த்து, கொங்கிறீட்டின் துளைகளில் ஒட்டியிருந்த மஞ்சள் படலத்தைக் கம்பித் தூரிகை பூட்டிய இயந்திரத்தால் தேய்த்து எடுத்தார்கள். அடைக்கும் வேலையைவிட அதற்கு முந்திய வேலைக்கே கூடிய நேரம் போனது. ஃபோமின் பெரிய நற்குணமான அந்த ஒட்டும் தன்மையே அன்று எதிராக நின்றது.

பலகைச் சுவரில் அதே வேலை மிகவும் எளிது. பனி உருகிய ஒரு மார்ச்சில் எங்கள் வீட்டிலும் ஒரு யன்னலின் கீழ் ஈரம் தெரிந்தது. யன்னல்களின் கீழுள்ள ட்ரைவோலை நாங்கள் தனித் துண்டுகளாக வெட்டி, ஓரங்களில் மரப்பட்டி வைத்துத் திருகாணியால் மட்டும் பூட்டியிருந்தோம். திருகாணிகளைக் கழற்றித் துண்டை எடுத்துவிட்டுப் பலகையின் இணைப்பு நாடாவைக் கத்தியால் அறுத்து, ஒட்டிய பசையிலிருந்து நெம்பி விடுவித்தால் கொங்கிறீட் வெளியே வந்துவிடுகிறது. பசை கோடுகளாக மட்டுமே இருப்பதால் அதைச் சுரண்டுவதும் சிறு வேலைதான். வெடிப்பை அடைத்துச் சுவர் உலர்ந்ததும், அதே அளவில் வெட்டிய பலகையை வைத்து, ஓரங்களை டப்பா ஃபோமால் நிரப்பி, மேலே நாடா ஒட்டினால் சுவர் பழையபடி ஆகிவிடும். திறப்பதற்கு ஃபைபர்கிளாஸ் இன்னும் எளிதுதான். ஆனால் நனைந்த மெத்தையை மறுபடி வைக்க முடியாது. பலகையோ தண்ணீரை மிகச் சிறிதளவே உறிஞ்சும். கழிவுநீர் குழாய் வழியே திரும்பி உள்ளே ஏறிய வீட்டில் மட்டும், எந்தப் பொருளாக இருந்தாலும், நனைந்த மட்டம் வரை எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்வதே முறை.

பலகையின் கடினங்களையும் சொல்ல வேண்டும். அதில் கைவேலை அதிகம். அவசரப்படுபவருக்கு அது சரிவராது. பசையை ஃபோமுக்கென்று குறிப்பிட்ட வகையில்தான் வாங்க வேண்டும், ஏனெனில் கரைப்பான் கலந்த சாதாரணப் பசை பலகையைத் தின்றுவிடும். அதைப் பொட்டுப் பொட்டாக வைக்காமல் சுவரின் குறுக்கே முழுக் கோடுகளாக இழுக்க வேண்டும். பொட்டுகளுக்கு நடுவே காற்று மேலும் கீழும் ஓட இடம் கிடைத்தால் ஃபைபர்கிளாஸில் நடந்ததே இங்கும் நடக்கும். ஃபோமை வெறுமனே விடக்கூடாது. தீப்பாதுகாப்புக்காக ட்ரைவோல் போன்ற ஒன்றால் மூட வேண்டும் என்பது கட்டட விதி. இது ஸ்பிரே ஃபோமுக்கும் பொருந்தும்.

தடிப்பில் ஒரு கணக்கு உண்டு. பலரும் இதைத் தவற விடுகிறார்கள். இரண்டு அங்குலப் பலகை வைத்து, முன்னாலுள்ள சட்டங்களுக்குள் ஆர்-14 பாறைப் பஞ்சை (பாறையை உருக்கி இழையாக்கியது), அதாவது மில்ற்றனில் ரொக்வூல் நிறுவனம் தயாரிப்பது போன்றதை, முழுதாக நிரப்பினால் மொத்தம் ஆர்-24 கிடைக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பஞ்சு அறையின் சூட்டைத் தன்பக்கம் மறித்துக்கொள்வதால், வெளியே மைனஸ் 10 ஆகும்போது பலகையின் உட்பரப்பு 3 பாகைக்கு இறங்கிவிடும். 40 வீத ஈரப்பதம் உள்ள காற்று அங்கே கசிந்தால் நீர் படியும். பலகையை மூன்று அங்குலமாக, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி இரண்டு அடுக்காக ஒட்டினால் அதே பரப்பு ஏறத்தாழ 6 பாகையில் நிற்கும். மாரியில் வீட்டு ஈரப்பதத்தை 35 வீதத்துக்குள் வைத்திருப்பவருக்கு அது போதும். மைனஸ் 20ஐ நெருங்கும் நாட்களில் 25 வீதத்துக்குக் கிட்ட இறக்கிவிட வேண்டும். அறையின் அகலம் அனுமதித்தால் நாலு அங்குலப் பலகை வைத்துச் சட்டங்களை வெறுமையாக விடுவதே எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. இதோடு சேர்த்து அறைப்பக்கம் பொலித்தீன் தாளும் வேண்டும் என்று சில பரிசோதகர்கள் கேட்பதுண்டு. ஆகவே வேலை தொடங்குமுன் நகரசபையின் கட்டடப் பிரிவில் வரைபடத்தைக் காட்டிவிடுவது நல்லது.

ஓரிடத்தில் மட்டும் நான் ஸ்பிரே ஃபோம் பக்கம் நிற்கிறேன். சுவரின் உச்சியில், மேல்தளத்து உத்தரங்கள் வந்து உட்காரும் இடத்தில், ஒவ்வொரு இரண்டு உத்தரங்களுக்கும் நடுவே ஒரு சிறு பெட்டி போன்ற இடைவெளி இருக்கும். வெளியிலிருந்து அதைப் பிரிப்பது மெல்லிய மரம் ஒன்றுதான். பழைய வீடுகளில் அதற்குள் ஒரு பிடி ஃபைபர்கிளாஸைத் திணித்து விட்டிருப்பார்கள். பெப்ரவரியில் அதை இழுத்துப் பார்த்தால் மரத்தில் வெண்பனி பூத்திருக்கும். பலகையைச் சதுரம் சதுரமாக வெட்டி இந்த இடைவெளிகளை அடைக்கலாம். ஆனால் குழாயும் கம்பியும் குறுக்கிடும் இடத்தில் அது பொறுமையைச் சோதிக்கும் வேலை. கொங்கிறீட் வெடிப்பு அங்கே வராது என்பதால், திறக்க வேண்டிய தேவையும் அரிது. அந்தப் பகுதிக்கு மட்டும் குழுவை அழைத்தால் செலவும் அடங்கும்.

நான் சொன்னவை எல்லாம் வார்ப்புக் கொங்கிறீட் சுவருக்கே. உள்ளே வெற்றிடம் உள்ள கொங்கிறீட் கற்களால் கட்டிய சுவரில் தண்ணீர் அந்த வெற்றிடங்களுக்குள் தேங்கி வேறெங்கோ வெளிப்படும் என்பதால், கசிவை உள்ளிருந்து அடைக்கும் வசதி பெருமளவு குறைந்துவிடும். பலகைக்கு நான் கொடுக்கும் முன்னுரிமையும் அங்கே அவ்வளவுக்குக் குறையும். ரொறன்ரோவின் கபேஜ்ரவுன் போன்ற பழைய பகுதிகளின் கருங்கல், செங்கல் அத்திவாரங்களில் எனக்குக் கைப்பழக்கம் இல்லை. மேடுபள்ளமான கற்சுவரில் பலகை ஒட்டி உட்காராது என்பது வெளிப்படை. அத்தகைய சுவரின் உட்புறத்தைச் சூட்டிலிருந்து பிரித்தால், ஈரமூறிய செங்கல் உறைந்து உதிரக்கூடும். ஆகவே அங்கே கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் எதையும் ஒட்டக்கூடாது.

எந்தச் சுவராக இருந்தாலும், மூடுவதற்கு முன் ஒரு வசந்த காலம் அதை வெறுமையாக விட்டுப் பாருங்கள். இரண்டடிச் சதுரப் பொலித்தீன் துண்டொன்றின் நாலு ஓரமும் நாடாவால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். ஈரம் சுவர்ப்பக்கம் கண்டால் அது மண்ணிலிருந்து வருகிறது. அறைப்பக்கம் கண்டால் வீட்டுக் காற்றிலிருந்து வருகிறது. முதலாவது என்றால், பலகை வாங்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கூரைப் பீலிக் குழாயைச் சுவரிலிருந்து ஆறடி தள்ளி இறக்குவதற்கும், வீட்டோரத்து மண் வெளிநோக்கிச் சரியும்படி நிரவுவதற்கும் முதலில் செலவிடுங்கள்.